பழைய கம்ப்யூட்டருக்கு 4 டிபி எஸ்எஸ்டி: மாமாவிடம் சொல்வதற்கு முன்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2013இல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ5, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். டிஸ்க் நிறைந்து சிவப்புக் கோடு காட்டுகிறது. சுற்றுகிற தட்டு இல்லாமல் மெமரிச் சிப்பிலேயே கோப்புகளை வைக்கிற எஸ்எஸ்டி போட நினைக்கிறார். அவருடைய அண்ணன், கல்யாண வீடு, கோயில் கொடை, பங்குத் திருவிழா என்று வீடியோ எடுக்கப் போகிறவர். அந்தக் கோப்புகளும் இதே கம்ப்யூட்டரில்தான். ‘குறைந்த விலையில் 4 டிபி எஸ்எஸ்டி எது வாங்கலாம் அண்ணா? ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடக்கிறதே, அது சரிவருமா? மாமா அடுத்த மாதம் துபாயிலிருந்து வருகிறார், அங்கிருந்து வாங்கிவரச் சொல்லட்டுமா?’

மார்த்தாண்டத்தில் சர்வீஸ் கடை போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது எனக்கு. பாலம் வருவதற்கு முன்பிருந்தே அதே இடம்தான். இந்த மூன்று கேள்வியும் வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது கேட்பதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 16 டிபி சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம் தம்பி. போன வருடம் குளச்சலிலிருந்து ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். மகள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களையும் வீடியோவையும் அதில் ஏற்றி வைத்திருந்தார். படங்களின் பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது. ஒன்றைத் திறந்தால் சாம்பல் நிறக் கட்டம். மேல்மூடியை நகத்தால் நெம்பினேன். ஸ்குரூகூடக் கிடையாது, வெறும் பசை. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் போர்டு, அதில் போனில் போடுகிற மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று. கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு இரும்புத் தகட்டை உருக்கி ஊற்றுகிற பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கார்டு 64 ஜிபி. டிரைவுக்குள்ளேயே ஓடுகிற ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் பொய் எழுதி, விண்டோஸிடம் 16 டிபி என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். முதல் அறுபது ஜிபி வரை உண்மையாகவே எழுதும். அதற்கு மேல் வருவதைப் பழையதன் தலைமேலேயே எழுதும், அல்லது எங்குமே எழுதாமல் ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் ஒழுங்காக இருப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அவர் போன் மெமரியில் அழிக்காமல் விட்டிருந்த முப்பது நாற்பது படம்தான் கடைசியில் மிஞ்சியது.

வீட்டு உபயோகத்துக்குப் பெயர்பெற்ற கம்பெனிகள் விற்கிற எஸ்எஸ்டிகளில் 8 டிபிதான் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எண் போட்டு, அதுவும் ஆயிரங்களில் விலை சொன்னால், மேலே படிக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். பொய்யென்றால் எத்தனை ஜிபி வரை மெய் என்பதையும் சொல்லிவிடும்.

சரி, இப்போது நிஜச் சரக்குக்கு வருவோம். உங்களுக்கு 4 டிபி எதற்கு என்று முதலில் நீங்களே பார்க்க வேண்டும். விண்டிர்ஸ்டாட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. ஓட்டினால் டிஸ்க்கில் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கலர் கலர் கட்டமாகக் காட்டும். அண்ணனைப் போல வீடியோ எடுப்பவர்களின் கம்ப்யூட்டரில் நான் பார்த்தவரை கதை ஒன்றுதான். விண்டோஸும் எடிட்டிங் மென்பொருள்களும் சேர்த்து நூறு ஜிபிக்குள். இப்போது கையில் இருக்கிற வேலை நூறோ இருநூறோ. மீதி எல்லாம் முடிந்துபோன கல்யாணங்கள். மாப்பிள்ளைக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கும், அவர் கல்யாண வீடியோவின் கச்சாக் கோப்பு இன்னும் டி டிரைவில் கிடக்கும். அதை யாரும் திறப்பதில்லை, அழிக்கவும் மனம் வராது.

திறக்காத கோப்புக்கு எஸ்எஸ்டி எதற்கு? எஸ்எஸ்டியின் பலம், கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பது. ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டு ஒரு சுற்றை முடிக்கவே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஊசி வேறு இடம் மாற வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை, மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதால் அங்கே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் மூன்று வருடம் முன்பு எடுத்த கல்யாணத்தைப் பத்திரமாக வைத்திருக்க ஹார்ட் டிஸ்க் போதும். ஐபிஎம் தன் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது 1956இல், நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம். இரண்டடி விட்டத்தில் ஐம்பது தட்டுகள். அத்தனையும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்து கொள்ளும். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு டிபிக்கு எவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டால் அந்தக் கிழவனைத் தோற்கடிக்க எஸ்எஸ்டியால் முடியவில்லை.

அதுவும் இப்போது முடியவே முடியாது. 2023 நடுவில் 1 டிபி எஸ்எஸ்டி நாலாயிரத்தைச் சுற்றிக் கிடைத்தது. அப்போது வாங்கியவர்கள் புத்திசாலிகள். கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன, 2024இல் விலை ஏறியது, 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போக, மறுபடி ஏறியது. மைக்ரான் கம்பெனி தன் குரூஷியல் பிராண்டில் வீட்டு உபயோகச் சரக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் பழைய வீடியோக்களில் யாரோ சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விலையை டிபி எண்ணால் வகுத்து, ஒரு டிபிக்கு என்ன விழுகிறது என்று மட்டும் பாருங்கள். பல நேரம் 4 டிபி ஒன்று வாங்குவதைவிட 2 டிபி இரண்டு வாங்குவது மலிவாக வரும்.

அடுத்தது உங்கள் மதர்போர்டு. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். எஸ்எஸ்டி இரண்டு உருவத்தில் வரும். ஒன்று சாட்டா: சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் அகலமான தட்டைப் பெட்டி, ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே கேபிளில் மாட்டுவது. இன்னொன்று எம்.2: சூயிங்கம் துண்டு மாதிரி, 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், போர்டிலேயே சொருகி ஒரு ஸ்குரூ போடுவது. எம்.2 உருவத்திலேயே சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். சில போர்டு ஒன்றை ஏற்கும், மற்றதை ஏற்காது. போர்டின் மாடல் எண்ணை வைத்து மேனுவலைப் பார்க்காமல் எம்.2 வாங்கக்கூடாது. சில போர்டில் எம்.2 சொருகினால் சாட்டா போர்ட்டில் ஒன்று வேலை செய்யாமல் போகும். ‘எஸ்எஸ்டி போட்டேன், ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது’ என்று பதறி வருகிறவர்களில் சிலருக்கு நான் செய்வது கேபிளைப் பக்கத்து போர்ட்டில் மாற்றிச் சொருகுவது மட்டும்தான்.

உங்கள் எச்61 போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்காது. அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இ மாட்டலாம்தான், ஆனால் கம்ப்யூட்டரை முதலில் எழுப்புகிற அந்தக் காலத்து பயாஸ் மென்பொருளுக்கு அதிலிருந்து விண்டோஸைத் திறக்கத் தெரியாது. இன்னொரு விஷயம்: உங்கள் போர்டின் தலைமைச் சிப்பான எச்61 சிப்செட்டின் சாட்டா போர்ட்டுகள் பழைய 3 ஜிகாபிட் வகை. இன்றைய சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி போகும் என்று பெட்டியில் போட்டிருக்கும். உங்கள் போர்டில் 270, 280க்கு மேல் போகாது. அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் திறக்கிற வேகத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே உங்களுக்கு 7,000 எம்பி வேகம் என்று விளம்பரம் செய்கிற எதுவும் தேவையில்லை. இரண்டரை இஞ்ச் சாட்டா போதும். நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதில் சாட்டா போர்ட் இருக்கும், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். உங்கள் ஐ5க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஆக, இந்த மெஷினுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘மலிவு’ என்பதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். எஸ்எஸ்டிக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980களில் கண்டுபிடித்தது. ஒரு முழுப் பகுதியையும் ஒரே அடியில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் அடிப்பது போல இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொல்ல, அந்தப் பெயரே நின்றுவிட்டது. உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அதன் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கிற ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். டம்ளர் நிறைந்திருக்கிறதா, காலியா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட். அதே டம்ளரில் எட்டு அளவுக்கோடு போட்டால் மூன்று பிட், அது டிஎல்சி. பதினாறு கோடு போட்டால் நான்கு பிட், அது க்யூஎல்சி. டம்ளர் அதேதான், கொள்ளுகிற கணக்கு மட்டும் கூடுகிறது. அதனால்தான் மலிவு. ஆனால் பதினாறு கோட்டில் சரியான கோட்டுக்கு ஊற்றி நிறுத்த நேரம் பிடிக்கும், டம்ளர் தேயத் தேய கோடு தவறுகிற வாய்ப்பும் அதிகம்.

மெதுவாக எழுதுவதை மறைக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தோவாளை பூச்சந்தையை விடிகாலையில் பார்த்திருக்கிறீர்களா? வண்டி வந்ததும் கூடை கூடையாகப் பூவைத் தரையில் கொட்டிவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். எண்ணுவது, கட்டுவது, தொடுப்பது எல்லாம் அப்புறம். எஸ்எஸ்டியும் கொஞ்சம் இடத்தை ஒரு பிட் வேகத்தில் வைத்துக்கொண்டு, வருவதை அங்கே கொட்டும். நீங்கள் சும்மா இருக்கும்போது நான்கு பிட்டாகக் கட்டி உள்ளே அடுக்கும். வண்டி ஒன்றிரண்டு வந்தால் பிரச்சினை இல்லை. வரிசையாகப் பத்து வண்டி வந்தால் கொட்ட இடம் இல்லாமல் தொடுக்கிறவர் கை வேகத்துக்குக் காத்து நிற்க வேண்டியதுதான். சாம்சங் 870 க்யூவிஓ இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் கம்பெனியே கணக்கை வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. 1 டிபி மாடலில் அதிகபட்சம் 42 ஜிபி வரை முழு வேகம், அதன்பிறகு விநாடிக்கு 80 எம்பி. 2 டிபியும் அதற்கு மேலும் 78 ஜிபி வரை, பிறகு 160 எம்பி. 80 எம்பி என்றால் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்! க்யூஎல்சி வாங்குவதாக இருந்தால் 2 டிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். டிரைவ் நிறைய நிறைய, பல மாடல்களில் அந்தக் கொட்டுகிற முற்றமும் சுருங்கும். பத்திலிருந்து இருபது சதவீதம் எப்போதும் காலியாக விட்டுவைக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு க்யூஎல்சி என்றாலே ஓடவும் வேண்டாம். அண்ணன் கேமரா கார்டிலிருந்து 100 ஜிபி ஏற்றுகிறார் என்று வைப்போம். சாதாரண எஸ்டி கார்டு விநாடிக்கு 90 எம்பிதான் தரும். முற்றம் நிறைந்த பிறகும் 160 எம்பி எழுதுகிற டிரைவ், 90 எம்பி தருகிற கார்டுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். எங்கே தண்ணீர் குறுகுகிறதோ அந்த இடத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்?

உங்கள் வீட்டில் குறுகுகிற இடம் எது என்று எனக்கு ஒரு சந்தேகம். எச்61 சிப்செட்டில் யூஎஸ்பி 3.0 கிடையாது. சில போர்டில் தனிச் சிப் வைத்துக் கொடுத்திருப்பார்கள், நீலநிறப் போர்ட் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் கார்டு ரீடர் யூஎஸ்பி 2.0இல் விநாடிக்கு 35 எம்பியில் ஊர்ந்துகொண்டிருக்கும். 100 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். அதே கார்டு, யூஎஸ்பி 3.0இல் இருபது நிமிடத்துக்குள் முடியும். போர்டில் இருக்கிற சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் சொருகுகிற யூஎஸ்பி 3.0 கார்டு சில நூறு ரூபாய்தான். எந்த எஸ்எஸ்டியும் செய்யாத உபகாரத்தை அண்ணனுக்கு அது செய்யும்.

ஆயுள் கணக்கு பலரைப் பயமுறுத்துகிறது. அவ்வளவு பயம் வேண்டாம். எத்தனை டிபி எழுதும்வரை வாரண்டி என்று ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு எண் இருக்கும், டிபிடபிள்யூ என்பார்கள். 1 டிபி மாடல்களை ஒப்பிட்டால் சாம்சங் 870 ஈவோ 600, அது டிஎல்சி, ஐந்து வருட வாரண்டி. 870 க்யூவிஓ 360, மூன்று வருடம். என்விஎம்இயில் டபிள்யூடி ப்ளூ எஸ்என்580க்கு 600, குரூஷியல் பி3 பிளஸுக்கு 220. கடைசியில் சொன்னது க்யூஎல்சி. மாதம் எட்டு நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் 100 ஜிபி, எடிட்டிங்கில் அதே அளவு இன்னொரு மடங்கு என்று தாராளமாகவே போட்டாலும் வருடத்துக்கு 19 டிபி. 220 என்ற எண்ணைத் தொடவே பதினோரு வருடம் ஆகும். எழுதித் தேய்ந்து செத்த எஸ்எஸ்டியை என் கடையில் ஒரு கை விரலுக்குள்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று சிசிடிவி பதிவுக்கு இரவு பகலாக ஓடியது. கேமராப் பதிவுக்கு அதற்கென்று வருகிற ஹார்ட் டிஸ்க்தான் சரி, அங்கே எஸ்எஸ்டி வைக்காதீர்கள்.

அந்த எண் வேறொரு விதத்தில் உதவும். எந்த வகை மெமரி என்று பல கம்பெனிகள் பெட்டியில் எழுதுவதில்லை. 1 டிபிக்கு 600 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டிஎல்சி. 200ஐ ஒட்டி இருந்தால் க்யூஎல்சி என்று சந்தேகப்படலாம். அதுகூட முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. 2021இல் சில பெரிய பிராண்டுகளே பெயரையும் மாடலையும் மாற்றாமல் உள்ளே இருந்த மெமரியை மட்டும் மலிவானதாக மாற்றியது பரிசோதித்துப் பார்த்தவர்களிடம் மாட்டியது. இரண்டு வருடம் முன்பு யாரோ புகழ்ந்த டிரைவும் இன்று கடையில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

டிராம் கேஷ் பற்றியும் கேட்பீர்கள். எந்தக் கோப்பு எந்த மூலையில் என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள எஸ்எஸ்டிக்குள் ஒரு சின்ன ராம். மலிவு டிரைவில் அதை எடுத்துவிடுவார்கள். என்விஎம்இ என்றால் கம்ப்யூட்டரின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும், சாட்டாவில் அந்த வழி இல்லை. அதனால் விண்டோஸ் போடப்போகிற சாட்டா டிரைவ் என்றால் டிராம் உள்ளதாகப் பாருங்கள். வெறும் கோப்பு வைக்கத்தான் என்றால் கவலை இல்லை.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு, பெட்டியில் போடாதவை. ஒன்று உப்புக் காற்று. முட்டம், மணக்குடி, குளச்சல் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற மெஷினைத் திறந்தாலே தெரிந்துவிடும். சாட்டா கேபிளின் முனையில் லேசாகப் பச்சை பூத்திருக்கும், ராம் கார்டின் தங்க நிறப் பல்லில் மங்கல் படிந்திருக்கும். போன மழையில் வந்த ஒன்றில் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று புதிது வாங்கவே தயாராக வந்தார்கள். பல்லைப் பென்சில் ரப்பரால் ஒரு திசையில் நாலு தேய், துணியால் துடை, புதுக் கேபிள் மாட்டு, அவ்வளவுதான், எழுந்துவிட்டது. கருங்கல்லில் உங்களுக்கு அவ்வளவு இருக்காது, இருந்தாலும் எஸ்எஸ்டி ‘காணவில்லை’ என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் விழ வேண்டும்.

இன்னொன்று கரண்ட். சித்திரை வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் இடி, ஐப்பசி கார்த்திகையில் இரவெல்லாம் இடி, இடையிடையே பொட்டென்று மின்சாரம் போவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு கெடும். எஸ்எஸ்டியில் வரைபடமே குழம்பி, டிரைவ் மொத்தமாகத் தெரியாமல் போவதும் உண்டு. மலிவு எஸ்எஸ்டி வாங்குகிற காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்து யூபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். பாதி வீடுகளில் யூபிஎஸ் வெறும் ஸ்டூலாகத்தான் இருக்கிறது. இடி விழுகிற நேரத்தில் கரண்ட் வயரோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்ற வேண்டும்.

மூன்றாவது, பீரோவில் வைப்பது. எஸ்எஸ்டியில் ஏற்றிப் பீரோவில் பூட்டினால் காலத்துக்கும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அதில் இருப்பது மின்னூட்டம் தம்பி, மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு மெமரிச் சிப்புகளுக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பு வைத்திருக்கிற அளவுகோலே, எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த டிரைவ் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான். புது டிரைவ் அதைவிட நிறையத் தாங்கும், இருந்தாலும் வெயிலில் கொதிக்கிற மாடி அறைப் பீரோவில் வருடக்கணக்கில் போட்டுவைக்க அது ஆள் இல்லை. இன்னொன்றும் கேளுங்கள்: ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்ததைப் பல நேரம் மீட்டுக் கொடுத்திருக்கிறேன். எஸ்எஸ்டியில் அழித்தால் ட்ரிம் என்ற ஏற்பாட்டினால் உள்ளேயே துடைத்துவிடும். கடைக்குக் கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை.

மாமாவின் விஷயம். துபாய்ச் சரக்கு மட்டமில்லை. ஆனால் பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு கட்டுப்பட்டது. இங்கே கெட்டுப்போனால் அவர் அடுத்த லீவுக்குத் திரும்பும்போது கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். எஸ்எஸ்டி சொல்லிக்கொள்ளாமல் சாகிற பொருள், நேற்று ஓடியது இன்று இல்லை. அதற்கு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ பில்லோடு வாங்குவது எனக்குப் பிடிக்கும். ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் குறைத்த தொகைக்கு ஐந்து வருட வாரண்டியை நீங்கள் விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் 4 டிபி எஸ்எஸ்டி வாங்க மாட்டேன். 1 டிபி சாட்டா டிஎல்சி ஒன்று, டிராம் உள்ளதாக. அதில் விண்டோஸும் இப்போது நடக்கிற வேலையும். கூடவே 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று உள்ளேயே மாட்டி, முடிந்த வேலையெல்லாம் அதற்கு. அதை ஜிபிடி முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் செய்தால் 2 டிபிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. இப்போதுள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். டிரைவின் உடல்நிலையைச் சொல்கிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டுகிற நிறம் நீலமாக இருந்தால், வீட்டுப் படங்களுக்கும் முக்கியமான வேலைகளுக்கும் இரண்டாவது காபியாக அதில் ஏற்றி, உங்கள் வீட்டில் அல்ல, அக்கா வீட்டிலோ சித்தி வீட்டிலோ வையுங்கள். மஞ்சளாக இருந்தால் அதை நம்பாமல் முதல் வேலையாக உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். 2004 சுனாமியில் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் ஆல்பத்தோடு வீடு போனவர்களை நமக்கெல்லாம் தெரியும். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர்களைத் தார்ப்பாயில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு காபியும் ஒரே மேசையில் இருந்தால் அது ஒரு காபிதான்.

ஹார்ட் டிஸ்க்கின் சத்தமே பிடிக்காது, எல்லாம் எஸ்எஸ்டிதான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால், விண்டோஸுக்கு 500 ஜிபி டிஎல்சி, கோப்புகளுக்கு 2 டிபி க்யூஎல்சி. அதுவும் நன்றாகவே ஓடும், காசு மட்டும் கூடுதல்.

வாங்கி வந்த அன்றே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் இரண்டு எண்ணைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது. புது டிரைவில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் பிரித்த பெட்டியோடு அன்றைக்கே திரும்பிப் போங்கள். 1 டிபி வாங்கியதற்கு 931 ஜிபிதான் காட்டுகிறது என்று மட்டும் போய்விடாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது, யாரும் திருடவில்லை. மாட்டுவதற்கு பிராக்கெட் கிடைக்காவிட்டால் இருபுற ஒட்டு டேப் வைத்து கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை, விழாமல் இருந்தால் போதும்.

மாமா ஏதாவது வாங்கி வந்தே தீருவேன் என்றால் நல்ல யூஎஸ்பி 3.0 கார்டு ரீடர் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அதற்கு வாரண்டி தேவைப்படாது.